இளவரசனாக இருந்த விலாங்குக்காரன்

என் அக்காள் ராதுனாவின் புருஷன் ஜெலிபோர், ஹாவெல் ஆற்றில் பறி என்னும் பின்னல்கூடை போட்டு விலாங்கு பிடித்துப் பிழைத்தவன். அவன் அப்பனும் அதே தொழில்தான். ஆனால் இளமையில் சில வருஷங்கள் ஜெலிபோர் இளவரசனாக இருந்தான். அவன் ஆசைப்பட்டுப் போய் உட்கார்ந்த பதவி இல்லை அது.

எங்கள் மன்னர் சுலிஸ்லாவ் சாக்சன்களிடம் தோற்றுத் திரும்பிய வருஷம். மேற்கே எல்லையைக் காத்துவந்த சாக்சன் தளபதி, சமாதானம் வேண்டுமென்றால் வருஷந்தோறும் தேனும் மெழுகும் அனுப்ப வேண்டும் என்றார். கூடவே ஒரு பிணையாளும் கேட்டார். மன்னருக்குப் பிள்ளை இல்லை. தங்கை மகன் லுதோமிர்தான் பட்டத்துக்கு உரியவன். அவனையே அனுப்பு, நீ வாக்குத் தவறினால் அவன் தலை போகும் என்று சொல்லியனுப்பினார் தளபதி.

மன்னரின் தங்கை சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். சாக்சன்களில் எவனும் லுதோமிரைப் பார்த்ததில்லை என்பது மன்னருக்கு அப்போதுதான் உறைத்தது. கோட்டைக்கு மீன் கொண்டுவரும் ஜெலிபோருக்கும் அதே வயது, அதே வைக்கோல் நிறத் தலைமுடி. கூப்பிட்டு நிறுத்தினார்.

"டேய், குதிரை ஏறத் தெரியுமா ஒனக்கு?"

"தோணிதான் தெரியும் அய்யா."

"பரவாயில்ல. இன்னையிலேர்ந்து நீ என் மருமவன்."

விஷயம் புரிந்ததும் ஜெலிபோரின் அப்பன் மீன்கூடையைத் தரையில் போட்டான். "எம் மவன் கழுத்து மட்டும் என்ன, மரத்துல செஞ்சதா அய்யா?" என்று நேருக்கு நேராகக் கேட்டான்.

மன்னர் கோபப்படவில்லை. "இல்ல. அதனாலதான் சொல்றேன், நான் வாக்குத் தவற மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அவரைச் சண்டைக்குத் தூண்டினார்கள். தேனும் மெழுகும் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை.

சாக்சன் நாட்டில் ஜெலிபோரை ஒரு மடத்தில் வைத்தார்கள். வேட்டைக்குப் போன முதல் நாளே குதிரையிலிருந்து விழுந்தான். "எங்க நாட்டுல ராஜகுடும்பத்துக்காரங்க கல்யாணத்துக்கு அப்புறந்தான் குதிரை ஏறுவாங்க" என்று சொல்லிச் சமாளித்தான். அவர்களுடைய கிறிஸ்து மதத்தில் சேர்க்க ஞானஸ்நானமும் ஆயிற்று. "தண்ணியில முக்குனாங்க. எனக்கு அது என்ன புதுசா?" என்பான் பின்னாளில். அங்கே அவனுக்கு வாய்த்த ஒரே துணை ஹெரிமான் என்ற துறவி. தொந்தி பெருத்த மனிதர். இவனுக்குக் கோயில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். இவனிடமிருந்து எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டார்.

வருஷங்கள் போயின. எல்லைத் தளபதிக்குத் தேனும் மெழுகும் போதவில்லை, கோட்டையே வேண்டியிருந்தது. ஆனால் சொன்ன சொல் மீறாத மனிதரை எதைச் சொல்லித் தாக்குவது? ஒரு நாள் ஜெலிபோரைத் தனியே அழைத்தார்.

"ஒன் மாமனுக்கு வயசாயிடுச்சு. நீ இங்கேர்ந்து தப்பிச்சு ஓடிட்டதா சொல்லிக்கிட்டு உள்ள போ. அறுவடைத் திருவிழாவுல எல்லாரும் குடிச்சுட்டு விழுந்து கெடப்பாங்க இல்ல? மாமனை முடிச்சுட்டுக் கதவைத் தொறந்து விடு. நாடு ஒனக்கு, நீ எனக்கு."

நான் மருமகனே இல்லை என்று சொன்னால் அந்த இடத்திலேயே தலை போகும். ஜெலிபோர் தலையை ஆட்டினான். அவர் கொடுத்த கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு கிழக்கே நடந்தான்.

வழி நெடுகிலும் பயம்தான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். முன்னால் போனால் மன்னர் ஒற்றன் என்று வெட்டலாம். பின்னால் போனால் தளபதி வெட்டுவார். எங்காவது காட்டுக்குள் ஓடிப்போகலாம் என்றுகூட நினைத்திருக்கிறான். ஆனால் ஹாவெல் ஆறு கண்ணில் பட்டதும் கால்கள் தாமாகக் கோட்டைப் பக்கம் திரும்பிவிட்டன.

வாசல் காவலன் அவனைக் கண்டு வாயைப் பிளந்தான். "அடேய் விலாங்கு மவனே! ஒன் தலை இன்னும் ஒடம்போடதான் இருக்கா?"

மன்னர் நீராவிக் குளியலில் இருந்தார். நிஜமான லுதோமிர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் குளியல் வழக்கப்படி இலைக்கொத்தால் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தான். ஜெலிபோர் கத்தியை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே நுழைந்தான்.

"மாமா..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். "அய்யா. ஒங்களக் கொல்லச் சொல்லி என்னை அனுப்பியிருக்காங்க."

எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான். லுதோமிர் துள்ளி எழுந்தான். "இவனை நம்பாதீங்க மாமா! நெஞ்சுல சிலுவை தொங்குது பாருங்க!"

"சின்னவரே," என்றான் ஜெலிபோர், "ஒங்க பேர்ல குதிரையிலேர்ந்து விழுந்தவன் நானு. ஒங்க பேர்ல பச்சைத் தண்ணியில முழுகி, ஒங்க பேர்ல பட்டினி விரதம் இருந்தவனும் நான்தான். இதுக்கு மேல ஒங்களுக்காக என்னதான் செய்யணும்?"

மன்னர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த செம்புத் தண்ணீர் முழுவதும் சூட்டுக்கல்லில் கொட்டிவிட்டது. அறை முழுக்க ஆவி. யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை.

"எங்கயாவது ஓடிப் போயிருக்கலாமேடா. ஏன் வந்தே?" என்று அந்த ஆவிக்குள்ளிருந்து கேட்டார்.

"அப்பன் இங்க இருக்கான். ஆறு இங்க இருக்கு. அந்த ஊர்ல விலாங்கை வெந்நீர்ல போட்டு அவிக்கிறாங்க அய்யா."

மன்னர் இன்னொரு செம்பு தண்ணீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். பிறகு, "அப்போ லுதோமிர் செத்துப் போகட்டும்" என்றார்.

"நானா?" என்று அலறினான் லுதோமிர்.

"நீ இல்ல. அவங்க அனுப்புன லுதோமிர்."

"அப்ப நான் யாரு மாமா?"

"கொஞ்ச நாளைக்கு என் குதிரைக்காரன்."

ஒரு செம்மறியைத் துணியில் சுற்றி ஆற்றங்கரையில் புதைத்து, மேலே சிலுவை நட்டார்கள். தூதன் மேற்கே போனான். தப்பி வந்த மருமகன் காய்ச்சலில் இறந்துவிட்டான், எதிர்க்கரையில் ஒரு சின்னக் கோயில் கட்டிக்கொள்ள இடம் விடும்படி சாகும்போது கேட்டான், மன்னர் சம்மதித்திருக்கிறார். இதுதான் சேதி. கோட்டை கிடைக்காவிட்டாலும் கோயில் கிடைத்தது என்று தளபதி தம் அரசரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? நம்புவாரா, படையோடு வருவாரா என்று நாங்கள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

படை வரவில்லை. கல்லறையைப் பார்த்துவர ஆள் வருகிறது என்ற செய்தி வந்தது. ஜெலிபோரை கீழாற்றுப் பக்கம் ஒளிந்திருக்கச் சொன்னார் மன்னர். வருகிறவர்கள் சாலை வழியாக வருவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர்களோ படகில் வந்தார்கள். நானும் ஜெலிபோரும் இடுப்பளவு தண்ணீரில் பறியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். நாணல் வளைவைத் தாண்டி அந்தப் படகு எங்கள் முன்னாலேயே வந்து நின்றது. அதில் ஜெலிபோருக்கு அறிமுகமில்லாத சில வீரர்கள். நடுவில் ஹெரிமான்.

ஜெலிபோர் பறியை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்தான்.

ஹெரிமான் அவனை நிதானமாகப் பார்த்தார். "ஒன் பேரு என்னடே?" என்று எங்கள் பேச்சிலேயே கேட்டார்.

"ஜெலிபோர் சாமி."

"செத்துப்போன ஒரு பையனுக்காக ஜெபம் பண்ண வந்திருக்கேன். தங்கமான பையன். பாட்டுல சுருதி மட்டும் சேரவே சேராது."

ஜெலிபோர் பறியைத் தாழ்த்தினான். "நானும் அவருக்காக வேண்டிக்கிறேன் சாமி."

"வேண்டிக்கோ, வேண்டிக்கோ. சத்தமா மட்டும் பாடிடாதே" என்றார். படகுக்காரர்களைப் பார்த்துத் துடுப்புப் போடச் சொன்னார்.

படகு மறைந்ததும் ஜெலிபோர் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். கழுத்து வரை முழுகியபடி சிரித்தான்; அழுகையும் அதில் கலந்திருந்தது. பறியிலிருந்த விலாங்கெல்லாம் ஆற்றோடு போயின. நான் தடுக்கவில்லை.

கல்லறை அருகே குதிரைக்காரனாக நின்ற லுதோமிர் அளவுக்கு மீறி ஒப்பாரி வைத்தானாம். மன்னர் அவன் காலை மிதித்து அடக்கினாராம். ஹெரிமான் முழு ஜெபத்தையும் குறை வைக்காமல் சொன்னார். திரும்பிப் போய், பையன் இறந்தது நிஜம், கல்லறையைக் கண்ணால் பார்த்தேன் என்று தளபதியிடம் சொல்லிவிட்டார். சமாதானம் நீடிக்கும் என்று பதில் வந்த அன்று கோட்டையில் தேன்மது குடம் குடமாகக் காலியானது.

எதிர்க்கரைக் கோயிலுக்கு ஹெரிமானே பாதிரியாராக வந்து சேர்ந்தார். ஜெலிபோர் இளவரசன் இல்லை என்பது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். "நீ சொல்லிக்கொடுத்த பேச்சுல வலைக்கும் மீனுக்கும் நூறு வார்த்தை இருந்துச்சு. சிம்மாசனத்துக்கு ஒண்ணுகூட இல்லையே" என்றார்.

அந்த இலையுதிர் காலத்தில் ஜெலிபோர் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தான். ராதுனா அதற்குள் மூன்று மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருந்தாள். "நான் ஒண்ணும் ஒனக்காகக் காத்துக்கிட்டு இல்ல, வந்தவனுங்க எவனும் சரியில்ல" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். "இளவரசரே, விறகு பொளக்கத் தெரியுமா, இல்ல அதுவும் கல்யாணத்துக்கு அப்புறந்தானா?"

ஜெலிபோர் கோடரியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனான்.