ஸ்டியரிங்கில் விழுந்த மூன்றாவது கை

போன வருஷம் சித்திரை மாதம். ஒரு காலையில் என் கணவர் ஏழுமலை பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. நான் கூப்பிட்டதற்கு "ஆ" என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மாமல்லபுரத்துக்கு வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கியே காலம் தள்ளிய டிரைவர் அவர். காய்ச்சல் என்றுகூட ஒரு நாள் படுத்ததில்லை. வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது.

எல்லையம்மன் கோவிலில் என்னோடு விளக்கேற்றும் அக்கா தங்கைகளே, ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுத அழுகையை உங்களில் சிலர் பார்த்திருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் நடந்ததை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நம் கோவில் ஆடி மலரில் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு எழுத வராது, வாய் மட்டும்தான் உண்டு. அதனால் பேசுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் முதல் சில மாதங்கள்தான் முக்கியம், திங்கள், புதன், வெள்ளி தவறாமல் செங்கல்பட்டுக்கு பிசியோதெரபிக்கு வந்தாக வேண்டும், விட்டால் கை அப்படியே நின்றுவிடும் என்றார்கள். கால் மெல்ல மெல்லத் தேறியது. பிடித்துக்கொண்டால் நாலு அடி நடப்பார். கை மட்டும் மடியில் செத்த மீன் மாதிரி கிடந்தது. பயிற்சி கொடுக்கும் பெண், "தோள்ல லேசா அசைவு தெரியுது சார், நீங்க முயற்சி பண்ணணும்" என்று கெஞ்சுவாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கை போனதுகூட எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. இனிமேல் வராது என்று மனுஷன் முடிவு கட்டிவிட்டாரே, அதுதான் பெரிசாகத் தெரிந்தது.

பஸ் படி ஏற அவரால் முடியாது. ஆரம்பத்தில் அக்கம்பக்கத்தில் மாறி மாறி ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். அவரவருக்குப் பிழைப்பு இருக்கிறது, எத்தனை நாள் கேட்பது? மகனுக்கு ஒரகடத்தில் ஷிப்டு வேலை. லீவு போட்டுப் போட்டு அவன் வேலையே ஆட்டம் கண்டது. வாசலில் இவருடைய பழைய சின்ன கார் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. லைசன்ஸ் என்னிடமும் இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டு வாங்கி, பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். வேறு வழி இல்லை, தார்ப்பாயை எடுத்தேன்.

டிரைவிங் ஸ்கூல் வண்டி புதுசு. ஒரு விரலை வைத்தால் ஸ்டியரிங் சுற்றும். இவர் வண்டியில் பவர் ஸ்டியரிங் கிடையாது. இவர் கைபட்டால் சாதுவாகத் திரும்பும், நான் உட்கார்ந்தால் எருமை மாதிரி முரண்டு பிடிக்கும். நானோ ஒல்லிக்குச்சி. எங்கள் தெருமுனையில் ஒரு தடவை திருப்புவதற்குள் இரண்டு தோளும் கழன்றுவிடும். இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்ப்பார். வண்டி ஓட்டியே வாழ்ந்தவரை நான் தடுமாறித் தடுமாறி ஓட்டிப்போகிறேன். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது.

புறப்படும்போதெல்லாம் கோவில் வாசலில் நிறுத்தி, "அம்மா, என் கைக்கு பலம் குடு, வேற ஒண்ணும் வேணாம்" என்று வேண்டிக்கொள்வேன். பலம் வரவில்லை, தோளில் வீக்கம்தான் வந்தது. ஒரு நாள் எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. அம்மன் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"நாலு கை வெச்சிகினு சும்மா குந்திகினு கீறியே, அதுல ஒரு கைய எனக்குக் குடுத்தா இன்னா கொறஞ்சா பூடுவ?"

பூசாரி காதில் விழாத மாதிரி மணியாட்டினார்.

ஆடி இரண்டாம் வெள்ளி வந்தது. அன்று காலையில் இவர் சட்டையே போட்டுக்கொள்ள மாட்டேன் என்று இடது கையால் தள்ளிவிட்டார். போகவே வேண்டாம் என்று அர்த்தம். நானும் விடவில்லை, மல்லுக்கட்டிப் பட்டனைப் போட்டு, காரில் உட்காரவைத்து, பெல்ட்டையும் மாட்டினேன். திருக்கழுக்குன்றம் ரோட்டில் பாதி தூரம் போயிருப்போம். ஒரு சின்ன ஊரில் ரோட்டை அடைத்துப் பந்தல் போட்டுக் கூழ் வார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. மஞ்சள் துண்டு கட்டிய ஒருவர் ஓடிவந்து, "யக்கா, வழி இல்ல. வந்த வழியே திரும்பி, அந்தாண்ட ஏரிக்கரை மேல சுத்திகினு போயிடு" என்றார். அம்மனிடம் வழி கேட்டு வந்தேன், அவளே வழியை மறிக்கிறாள் என்று மனசுக்குள் ஒரு குமுறல்.

வண்டியைத் திருப்ப வேண்டும். ரோடு அகலம் போதாது. வலது பக்கம் ஒடித்து, எதிர்ப்பக்க ஓரம் வரைக்கும் போய் நிறுத்தினேன். முன்னால் ஏரியின் சரிவு. இனி ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாகச் சுற்றிவிட்டுப் பின்னால் வர வேண்டும். சுற்றினேன். அசையவில்லை. எழுந்து நிற்கிற மாதிரி முட்டுக்கொடுத்து இழுத்தேன். கல் மாதிரி நின்றது. வேர்வையில் கை வழுக்கியது. ரோட்டின் குறுக்கே, இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் எங்கள் கார் கிடந்தது.

அப்போதுதான் அந்த ஹார்ன் கேட்டது. நாங்கள் வந்த பக்கத்து வளைவிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. பந்தல் இருப்பது அவனுக்குத் தெரியாது, நாங்கள் கிடப்பதும் தெரியாது. அது நேராக எங்கள் காரைப் பார்த்துத்தான் வந்தது. கதவைத் திறந்து இவரை இறக்க நேரமில்லை. "தாயே, கை குடு! கை குடு!" என்று கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டேனா, திறந்திருந்தேனா என்றுகூட நினைவில்லை.

ஸ்டியரிங்கில் ஏதோ பொத்தென்று விழுந்தது. பார்த்தேன். ஒரு கை. தழும்பு விழுந்த கட்டைவிரல், எனக்குத் தெரிந்த கை. மடியில் கிடந்த அந்த வலது கை ஸ்டியரிங்கின் இடது பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இவர் முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, வாயைக் கோணிக்கொண்டு கத்தினார்.

"நவுத்துடி! வண்டிய நவுத்துடி!"

மாசக்கணக்கில் "ஆ" தவிர வேறு சத்தம் வராத வாய். நான் யோசிக்கவே இல்லை. திட்டினால் கேட்டுத்தானே பழக்கம்! ரிவர்ஸைப் போட்டு கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்ததும் அத்தனை நேரம் கல்லாய் நின்ற ஸ்டியரிங் இளகிச் சுற்றத் தொடங்கியது. இந்தப் பக்கம் நான் தள்ளினேன், அந்தப் பக்கம் அவர் கை தன் பாரத்தாலேயே இழுத்தது. கார் திரும்பியது. முன்னால் எடுத்து ஓரம் கட்டவும், டிப்பர் பிரேக் அடித்துக்கொண்டே எங்களை உரசுகிற மாதிரி தாண்டிப்போய்ப் பந்தலுக்கு முன்னால் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "இன்னாம்மா, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்று கத்தினார்.

என் கணவர் சிரித்தார். கோணல் வாயோடு, எச்சில் வழிய, சிரித்தார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் கை இன்னும் அங்கேயேதான் இருந்தது. எடுக்க அவருக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பந்தலிலிருந்து பெண்கள் ஓடிவந்து எங்களுக்குக் கூழ் கொடுத்தார்கள். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு அழுததில் எது எந்தக் கண்ணீர் என்று தெரியவில்லை.

செங்கல்பட்டில் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் இவர் கையைப் பிடித்து, "இழுங்க சார்" என்றாள். இழுத்தார். கொஞ்சூண்டுதான், ஆனால் இழுத்தார். தோளில் தெம்பு முன்னமே வந்திருக்கும், பதற்றத்தில் தன்னால் கிளம்பியிருக்கும், திட்டு வார்த்தை முதலில் வருவதும் உண்டு என்று அவள் விளக்கினாள். அவள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். தெம்பு தோளில் இருந்தது, அதைக் கிளப்பியது யார்? அதை அவள் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து இவர் பயிற்சிக்கு முகம் திருப்பியதே இல்லை. சாயங்காலமானால் சவுக்குத்தோப்பு ஓரத்து வெற்று மைதானத்துக்குக் காரைக் கொண்டுபோவோம். நான் மெல்ல உருட்டுவேன், அவர் பக்கத்து சீட்டிலிருந்து ஸ்டியரிங்கை இழுப்பார். ரோட்டில் மட்டும் தொட விடமாட்டேன். நின்ற இடத்தில் திருப்பாதே, கொஞ்சம் நகரவிட்டுத் திருப்பு என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டேதான். திட்டு ஒன்றுக்கு ஒரு வார்த்தை அதிகமாகப் பேச வருகிறது. இப்போது டம்ளரைப் பிடிக்கிறார், சட்டைப் பட்டனில் பாதியை அவரே போடுகிறார். மகன், "யம்மா, இத்த மாத்திட்டு வேற வண்டி எடுக்கலாம்மா, பவர் ஸ்டியரிங் கீது" என்றான். இந்த வண்டி என் தெய்வம் வந்து உட்கார்ந்த வண்டி, இருக்கட்டும் என்றுவிட்டேன்.

அக்கா தங்கைகளே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று அசையாமல் நிற்கலாம். அம்மாவிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் என் கைக்கு பலம் கேட்டேன். அவள் என் புருஷன் கையைக் கொடுத்தாள். கேட்டது வேறு, வந்தது வேறு, ஆனால் வெறுங்கையோடு அனுப்பவில்லை. கேட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்று முட்டிக்கொள்ளாதீர்கள், ஒரு சாணாவது நகர்ந்து பாருங்கள்.

இந்த ஆடி முதல் வெள்ளிக்கு இரண்டு பேருமாகக் கோவிலுக்கு வந்தோம். அவர் கும்பிட்டார். வலது கை இடது கையின் உயரத்துக்கு இன்னும் வரவில்லை, நெஞ்சோடு நின்றது. ஆனால் கும்பிட்டது இரண்டு கையும். நான் நன்றி சொல்லி முடிக்க முடியாமல் கண்ணை மூடியபடி நின்றுகொண்டே இருந்தேன். பின்னால் வரிசை நீண்டுவிட்டது போலிருக்கிறது. என் தோளில் ஒரு கை பட்டது, வலது கை.

"போதும்டி வேண்டிகினது," என்றார் என் கணவர். "நவுறு."