வெள்ளி ராவுக்குக் கிளம்ப வேண்டிய படகு

மாமா நாகூருக்குப் படகு விட்ட கதையை யாராவது எடுத்தால் எனக்கு இப்போதும் முதலில் வருவது அலுப்புதான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஏறி, திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் ஏறி நசுக்க, மடியில் ஒரு டீசல் டின்னைக் கட்டிப்பிடித்தபடி சதுரங்கப்பட்டினம் வரை போய் வந்த அலுப்பு. ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. எழுபதுகளில் டீசலுக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. லாரி டிரைவர்களிடம் பல்லைக் காட்டி அத்தா வாங்கி வைப்பதை, நல்லெண்ணெய் என்று கண்டக்டரிடம் கூசாமல் பொய் சொல்லி, நானும் அம்மாவும் மாமா வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். என் பெருநாள் பாவாடையில் ஏறிய அந்த நாற்றம் எத்தனை துவைத்தும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார ஆளில்லை.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. சதுரங்கப்பட்டினத்தில் சவுக்கு விறகு வியாபாரம். அத்தோடு, குப்பத்தில் இருந்த ஒரு மீனவரோடு பாதிப் பங்கில் ஒரு பெரிய பாய்மரப் படகும் வைத்திருந்தார். அதில் எங்கேயோ கழற்றி வாங்கிய பழைய டீசல் எஞ்சின் ஒன்றையும் பூட்டியிருந்தார்கள். படகை ஓட்டுவது அந்தக் கூட்டாளிதான். கடற்கரையில் எல்லோரும் அவரைத் தண்டேல் என்பார்கள். நாங்களும் அப்படித்தான்.

மாமாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் காட்டியாயிற்று, நாட்டு மருந்தும் தின்றாயிற்று. தம்பியோடு வம்சம் முடிந்துவிடுமே என்ற கவலையில் அம்மாவுக்குத் தூக்கம் போய், அத்தாவின் தூக்கமும் போயிற்று. கடைசியில் அம்மா ஒரு நேர்ச்சை வைத்தாள். எங்கள் பாட்டனார் ஒரு புயலில் மாட்டி, நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் எஜமானைக் கூப்பிட்டுக் கரை ஏறியவர். ஆகவே மாமாவும் மாமியும் கடல் வழியாகவே நாகூர் போய், தர்காவில் போர்வை போர்த்திவிட்டு, கடல் வழியாகவே திரும்ப வேண்டும்.

நேர்ச்சையோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. "போய்ட்டு வந்து ஒரு வருசம் பாப்போம். அப்பவும் ஒண்ணும் இல்லன்னா, மதுராந்தகத்துல நான் பாத்து வெச்சிருக்கிற பொண்ண நீ கட்டிக்கணும். மார்க்கத்துல எடம் இருக்கு, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "மொதல்ல நாகூர் போய்ட்டு வந்துடறேன்க்கா. அப்புறம் நீ சொல்றதுதான்" என்றார். மாமி அப்போது அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து மாமா பிடித்துக்கொண்ட கணக்கு இருக்கிறதே, அப்பப்பா! எங்களைக் கண்டதும் பாயை விரிப்பார். அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு சதுரங்கப்பட்டினம், தண்ணீர்ச் செம்பு பாண்டிச்சேரி, அத்தாவின் தொப்பி நாகூர். நடுவில் தீக்குச்சி ஒன்று படகாக ஊர்ந்து போகும். வாடைக்காற்று ஓய்வதற்குள் அதை முதுகில் வாங்கிக்கொண்டு தெற்கே போய்விட வேண்டும், தென்காற்று எழும்பிய பிறகு அதன் தயவில் வடக்கே திரும்ப வேண்டும். சீக்கிரம் போனால் அலை பொல்லாது, தாமதமாகப் போனால் காற்று படுத்துவிடும், அப்புறம் நாகூர் வரைக்கும் எஞ்சின்தான். எஞ்சின் என்றால் டீசல். "போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, பயத்துக்கு ஒரு பங்கு" என்பார் மாமா. பயத்துக்கான பங்கைத் தொடவே கூடாதாம்.

அத்தா ஒவ்வொரு தடவையும் தொப்பியைத் திரும்ப வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, "செங்கல்பட்டு ஸ்டேசன்ல ரயில் ஏறுனா காலைல நாகூர்ல டீ குடிக்கலாம்" என்பார். அம்மா முறைப்பாள். நேர்ச்சையில் ரயில் இல்லை.

முதல் வருஷம் டீசல் சேர்ந்தது. ஆனால் அத்தனை டீசலை ஏற்றினால் படகு பாரமாகிவிடும் என்று மாமா கண்டுபிடித்தார். பாரமான படகை இழுக்க இன்னும் டீசல் வேண்டும், அந்த டீசலையும் ஏற்றினால் படகு மேலும் பாரமாகும், அதற்கும் டீசல் வேண்டும். இதற்கு விடை கண்டுபிடிப்பதற்குள் வாடைக்காற்றே முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் தை மாதம் மூட்டை முடிச்சோடு நாங்கள் போய் இறங்கினோம். மாமா கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், இன்னும் அலை அடங்கவில்லை என்றார். எனக்கென்னவோ கடல் சாதுவாகத்தான் தெரிந்தது. அதே பஸ்ஸில் திரும்பினோம். மாமா ஒரு காரியத்துக்கும் லாயக்கில்லை என்று எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மா பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். மாசி முடிவதற்குள் போயே ஆக வேண்டும், அதுவும் வெள்ளி ராவில் பாத்திஹா ஓதிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். மாமாவும் தண்டேலிடம் சொல்லிவிட்டதாகவும், டீசல் எல்லாம் படகில் ஏறிவிட்டதாகவும் பதில் அனுப்பினார்.

வியாழக்கிழமை மாமா வீட்டில் அம்மாவும் மாமியும் விடியலில் இருந்தே அடுப்பை விட்டு நகரவில்லை. புளிச்சோறு, அவித்த முட்டை, வறுத்த கருவாடு என்று ஒரு கல்யாணத்துக்குப் போதுமான சாப்பாடு. மாமி எல்லாவற்றையும் கட்டிக் கட்டி வைத்தாள். புதுச் சேலை உடுத்தியிருந்தாள், முகம் மட்டும் காய்ச்சல்காரி போல் இருந்தது. கடல் பயம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். பொழுது சாய்ந்ததும் மஃக்ரிபு தொழுது, பாத்திஹா ஓதி, எல்லாவற்றையும் தலையிலும் இடுப்பிலுமாகச் சுமந்து கரைக்குப் போனால் படகைக் காணோம். தண்டேலையும் காணோம்.

மணலில் உட்கார்ந்தோம். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டினாள். மாமா அங்கும் இங்கும் நடந்தார். நன்றாக இருட்டியதும், இனிமேல் வரமாட்டான் என்று அத்தா எழுந்தார். சுமந்து போன அத்தனையையும் சுமந்து திரும்பினோம். புளிச்சோற்று அண்டா போகும்போது இருந்ததைவிட இரண்டு மடங்கு கனத்தது.

மறுநாள் காலை படகு வந்துவிட்டது என்று ஆள் வந்து சொல்ல, கரைக்கு ஓடினோம். தண்டேல் சாவகாசமாக வலையில் இருந்து மீனை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் பல் முழுக்கச் சிரித்தார்.

"இன்னாம்மா, இப்பவே வந்துட்டீங்க? ராவுக்குத்தானே கெளம்பணும்னு பாய் சொன்னாரு?"

"எந்த ராவுக்குப்பா? வெள்ளி ராவுன்னு சொல்லி அனுப்புனனே!"

"அதாம்மா. இன்னிக்குத்தானே வெள்ளிக்கெயம?"

"வெள்ளி ராவு நேத்தே போயிடிச்சிப்பா!"

"நேத்து வியாயக்கெயமயாச்சேம்மா!"

தண்டேல் பரிதாபமாக மாமாவைப் பார்த்தார். எங்கள் வீடுகளில் பொழுது சாய்ந்ததுமே மறுநாள் பிறந்துவிடும். வியாழக்கிழமை அந்தியில் தொடங்குவது வெள்ளி ராவு. குப்பத்தில் வெள்ளிக்கிழமை விடிந்து, அந்தப் பகல் முடிந்த பிறகு வருவதுதான் வெள்ளி ராவு. ஊரே ஒன்றாய்ப் புழங்கிய இடத்தில் ஒரே சொல்லுக்கு ஒரு முழு நாள் வித்தியாசம். மாமா இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "நான் வெள்ளி ராவுன்னுதான் சொன்னேன்" என்றார். இரண்டு பேருக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார்.

"சரி, ஒரு நாள்தானே, இன்னிக்கே கெளம்புங்க" என்று அம்மா மனசைத் தேற்றிக்கொண்டு சொன்னாள். தண்டேல் தலையைச் சொறிந்தார். நடுவில் ஒரு நாள் சும்மா கிடக்கிறதே என்று வஞ்சிரத்துக்குப் போயிருக்கிறார்கள். போகும்போது காற்று இருந்ததால் படகைப் பாயே இழுத்திருக்கிறது. "திரும்பறப்ப காத்து சுத்தமா வியுந்துடுச்சிம்மா. ஒரு பொட்டு காத்து இல்ல. எஞ்சின் போட்டுத்தான் வந்து சேந்தோம்" என்றார். டீசல் டின்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். காலி டின்னின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். போவதற்கான பங்கும் போய், வருவதற்கான பங்கும் போய், பயத்துக்கான பங்கில் அடியில் கொஞ்சம் கசடு மிச்சமிருந்தது. பாய் மரத்தில் ஈரத்துணி மாதிரி தொங்கியது. இனி தென்காற்றுதான். டீசலும் இல்லை, வாடையும் இல்லை.

அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவதை அன்றுதான் பார்த்தேன். "ஒனக்காகத்தானேடா நாயா அலையுறேன்" என்று மாமாவைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்னது பொய்யில்லை, அந்தக் கால் வலி எனக்கும் இருந்தது. மாமா அவள் பக்கத்தில் குந்தி, "அடுத்த வருசம் போயிடலாம்க்கா" என்றார். அத்தா என் பக்கம் திரும்பி, "பொறந்ததுலேர்ந்து குப்பத்துல கெடந்து வளந்தவன். அவங்க வெள்ளி எதுன்னு இவனுக்கா தெரியாது?" என்று முணுமுணுத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்தார். அத்தா வழக்கம்போல மாமாவைக் கிண்டல் செய்கிறார் என்று விட்டுவிட்டேன்.

தண்டேல் ஒரு பெரிய வஞ்சிரத்தை ஓலையில் சுற்றி மாமியிடம் கொடுத்தார். ஆண்கள் ஜும்ஆ தொழுதுவிட்டு வருவதற்குள் மாமி குழம்பு வைத்துவிட்டாள். நேற்றைய புளிச்சோற்றை யாரும் சீந்தவில்லை. அம்மா தலைவலி என்று உள்ளறையில் படுத்துவிட்டாள். மாமிக்கு மட்டும் அப்படி ஒரு சுறுசுறுப்பு. வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு. மாமாவுக்குச் சோறு போடும்போது, சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல மீனில் முள் எடுத்து வைத்தாள். அவர் நிமிராமல் சாப்பிட்டார். அந்த இரண்டு வருஷத்தில் மாமா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கியதை நான் பார்த்தது அன்றுதான்.

எல்லோரும் எழுந்து போன பிறகு என்னையும் வைத்துக்கொண்டு மாமி சாப்பிட உட்கார்ந்தாள். எனக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது. பிள்ளை வரம் கேட்கப் போக வேண்டியவள், போக முடியாமல் போன துக்கம்கூடத் தெரியாமல் இருக்கிறாளே!

"மாமி, ஒங்களுக்கு வருத்தமா இல்லியா?"

"எதுக்குடி வருத்தம்?"

"நாகூர் போவ முடியலியே."

"அதான் இன்னும் ஒரு வருசம் இருக்குதே" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரிப்பது அபூர்வம். சிரித்துக்கொண்டே சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டி என் பக்கம் நீட்டினாள்.

எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "கவலப்படாதீங்க மாமி. அத்தா நெறய லாரிக்காரங்ககிட்ட சொல்லி வெச்சிருக்காரு. டின்னு எல்லாத்தையும் நானே தூக்கினு வர்றேன். அடுத்த வருசம் நீங்க கண்டிப்பா நாகூர் போயிடுவீங்க" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது.  மாமி அந்தக் கவளத்தை என் தட்டில் வைத்து, சட்டியில் இருந்த கடைசி மீன் துண்டையும் எடுத்து அதன் மேல் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவளுக்கு நல்ல ஆறுதல் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியில், நான் அந்த மீன் துண்டையும் முள் எடுத்துச் சாப்பிட்டு முடித்தேன்.