தறியில் உட்காராத தம்பி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு, பங்குனி உத்திரம் முடிந்த அடுத்த வாரம். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில்தான் தொடங்கியது. நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். சமையல் செய்துகொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்து, "இன்னாங்க, தறி நின்னு நின்னு போவுது? உங்க நைனாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் சொன்னது உண்மை. சிறுநீர் கழிக்க நான் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து போய்க்கொண்டிருந்தேன்.

நைனா என்றால் எங்களுக்கு அப்பா. அவருடைய தறிச் சத்தத்தைக் கேட்டுத்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம். காலையில் நாங்கள் கண் விழிக்கும்போதே அது ஓடிக்கொண்டிருக்கும். அவர் நூலுக்குப் போடும் கஞ்சித் தண்ணீர் வாசனையோடு, தறிக்குக் கீழே தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைக் கரைக்கான நூலை மாற்றி மாற்றிக் கொடுத்துக் கரை வாங்குவேன். பிசகாமல் வாங்கினால் எதுவும் சொல்ல மாட்டார், தொண்டையைக் கனைப்பார். அதுதான் அவருடைய பாராட்டு. அந்தக் கனைப்புக்காகவே நான் கவனமாக இருப்பேன். அவருடைய கடைசி இரண்டு வருடத்தில் அந்தத் தறி அடிக்கடி நின்றது. நின்றுவிட்டால் அம்மா கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு, மறுபடி சத்தம் வரும் வரைக்கும் காத்துக்கொண்டிருப்பாள்.

நெசவுக்காரர்களுக்கு இந்தச் சிறுநீர்த் தொந்தரவு வருவது சகஜம் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்பினார்கள். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் கோக்கும் கோர்வைச் சேலையை இரண்டு பேராக நெய்யும்போது ஒருவர் பாதியில் எழுந்தால், கூட உட்கார்ந்து கரை வாங்குகிறவரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்போம். காலுக்குக் கீழே குழியின் ஈரம் வேறு. பெரியப்பா அதில்தான் போனார் என்றார்கள். நைனாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, புராஸ்டேட் சுரப்பியில் தொடங்கிய புற்றுநோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். வீட்டுக்கு வந்து நாங்கள் சொன்னது, "குழி ஆளை வாங்கிடுச்சு" என்றுதான். இடுப்புக்குக் கீழே வரும் நோயை வாய்விட்டுச் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை.

தன் அண்ணன் போனதைப் பார்த்த நாளிலிருந்தே நைனா ஒன்றில் பிடிவாதமாக இருந்தார். நான் ஏற்கெனவே தறிக்கு வந்துவிட்டிருந்தேன். தம்பியை மட்டும் குழிப் பக்கம் விடவில்லை. ஓர் ஆயுத பூசை அன்று, தறிக்குப் பொட்டு வைத்து முடித்ததும் அவன் விளையாட்டாகக் குழியில் இறங்கி உட்கார்ந்தான். யார்மீதும் கை ஓங்காத நைனா அவனை இழுத்துப்போட்டு அடித்தார். பிறகு அவரே அழுதார். "நீயாவது நல்லா இருடா" என்றார். தம்பி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டான். இன்றைக்கும் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான்.

மனைவி விடவில்லை. என்னை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினாள். சீட்டு கொடுக்கிற இடத்தில் ஒரு பெண் இருந்தார். என்ன தொந்தரவு என்று கேட்டதற்குக் கூச்சத்தில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். அதனால் தப்பான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு சரியான டாக்டரிடம் போனபோது, அவர் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், நைனாவுக்கு வந்த அதே புற்றுநோயைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்காக ஒரு பெண் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். விருப்பம் இருந்தால் கொஞ்சம் ரத்தம் தரலாம், குடும்பத்தைப் பற்றிச் சொல்லலாம், கட்டாயம் இல்லை என்றார். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த மரியாதைக்காக உட்கார்ந்தேன்.

"என் ரத்தம் எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"இந்த நோய் எல்லா நாட்டு ஆம்பளைங்களுக்கும் ஒரே மாதிரி வர்றதில்லைங்கய்யா. ஆப்பிரிக்கா வழி வந்தவங்களுக்கு அதிகமா வருது. நம்ம பக்கம் குறைச்சல்னு சொல்றாங்க. அதுக்குப் பல காரணம் இருக்கலாம். பரம்பரையா உடம்புக்குள்ள வர்ற சின்னச் சின்ன வித்தியாசமும் ஒண்ணு. ஆனா இதுவரைக்கும் பெரும்பாலும் வெள்ளைக்காரங்களைத்தான் பாத்து எழுதியிருக்காங்க. நம்மளைப் பாத்தது ரொம்பக் கம்மி."

"அப்ப வேற ஊரு சேலைக்குப் போட்ட டிசைன் கிராப்ப வெச்சுக்கினு நம்ம ஊரு சேலைய நெய்யற மாதிரி" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதை நான் எங்க மேடத்துக்கிட்ட சொல்லப்போறேன்" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கூச்சம் பாதி போய்விட்டது.

அவர் ஒரு காகிதத்தில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். இந்த நோய் வந்தவர்களின் கட்டத்தைப் பேனாவால் நிரப்பினார். பெரியப்பா கட்டம் கறுத்தது. நைனா கட்டம் கறுத்தது. நாற்பது வருடமாகக் கட்டம் கட்டமாகப் போட்ட டிசைன் கிராப் பார்த்தே பிழைத்தவன் நான். படிப்பு வராவிட்டாலும் கட்டங்களைப் படிக்க வரும்.

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு தம்பி. அவனுக்கு வராதும்மா. அவன் தறியில உக்காந்ததே இல்ல."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நைனாவின் கட்டத்திலிருந்து இரண்டு கோடு இறக்கி, இரண்டு கட்டம் போட்டார். ஒன்று நான், ஒன்று தம்பி. இரண்டும் ஒரே அளவு. "தறியில உக்கார்றதால இந்தப் புற்றுநோய் வர்றதில்லைங்கய்யா. அப்பாவுக்கும் அவங்க அண்ணனுக்கும் வந்திருக்கு. அதனால உங்களுக்கு எவ்வளவு கவனம் வேணுமோ, அவ்வளவு அவருக்கும் வேணும். வந்துடும்னு சொல்லல. ஒரு தடவை பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் யார் நெய்தார்கள், யார் நெய்யவில்லை என்பதற்கு ஒரு குறியும் இல்லை. என் ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கம் அதை அப்படியே பார்த்து வரைந்துகொண்டேன்.

மறுநாள் பஸ் நிலையத்துக்குப் போய்த் தம்பியின் ஆட்டோவில் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். "இன்னாண்ணா, தறிய வுட்டுட்டு ஊர் சுத்தக் கிளம்பிட்டியா?" என்று கேட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பூக்காரம்மா, "உங்க அண்ணனா? பேசவே மாட்டாரு போல" என்றார். "பேசுவாரு. வருசத்துக்கு ஒரு தபா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஐயம்பேட்டையில் ஆட்கள் இறங்கினால் பேசலாம் என்று இருந்தேன். இவர்கள் இறங்குவதற்குள் அவர்கள் ஏறினார்கள். திரும்பி வந்தோம். மறுபடியும் போனோம். இரண்டாவது முறை ஐயம்பேட்டையில் அவன் யாரையும் ஏற்றவில்லை. வண்டியை ஒரு புளிய மரத்தடியில் ஓரங்கட்டினான்.

"ரெண்டு தபா வந்துட்ட. இன்னா சமாச்சாரம், சொல்லு."

படம் வரைந்த சீட்டை எடுத்து நீட்டினேன்.

"இன்னாது, புது டிசைனா?"

"நம்ம குடும்பம்டா. கறுப்பா இருக்கிறது பெரியப்பா. அது நைனா."

அவன் விரல் கீழே இறங்கி, வெறும் கட்டத்தில் நின்றது. "இது?"

"நீ."

டாக்டர் சொன்னது, அந்தப் பெண் சொன்னது எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். கிண்டல் செய்வான் என்று நினைத்தேன். அவன் வண்டி இன்ஜினை அணைத்தான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்கும் ஒரு வருசமா இருக்குதுண்ணா. அடிக்கடி போவுது, சரியா வரமாட்டேங்குது. வண்டிச் சூடுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். நைனாதான் என்னைக் குழியில எறங்க வுடலியே, எனக்கு எப்படி அது வரும்னு வுட்டுட்டேன்."

அன்றைக்கே அவனை அழைத்துக்கொண்டு போனேன்.

பரிசோதனை முடிவு வந்தபோது எனக்குப் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. வயதானால் பலருக்கு வருகிற சாதாரண வீக்கம், மாத்திரை போதும் என்றார்கள். தம்பிக்கு அந்தச் சுரப்பியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். அவனுக்கு இருந்தது. நாற்பது வருடம் குழியில் உட்கார்ந்த எனக்கு இல்லை, ஒரு நாள் உட்கார்ந்ததற்கு அடி வாங்கியவனுக்கு இருந்தது. நல்ல வேளையாக வேறு எங்கும் பரவவில்லை. அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணா, நைனாகிட்ட நான் வாங்குன அடி வீணாப்பூடுச்சே" என்பதுதான்.

போன வாரம் பரிசோதனைக்குப் போய் வந்தான். நன்றாக இருக்கிறான், வண்டி ஓட்டுகிறான். "எழுதுண்ணா, பேரு மட்டும் போடாத" என்று அவன் சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

தம்பியைக் குழியிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடுதான் நைனா கண் மூடினார். அது எனக்கு ஆறுதலாகவும் இருக்கிறது, வலிக்கவும் செய்கிறது. செங்கல்பட்டு டாக்டர் சொன்னதை அன்றைக்கே நாங்கள் வாய்விட்டுப் பேசியிருந்தால், தம்பி ஒரு வருடம் சும்மா இருந்திருக்க மாட்டான். இப்போது எங்கள் தெருவில் ஒரு தறி நின்று நின்று ஓடினால் என் காது அங்கே போய்விடுகிறது. யாரிடமும் முகம் பார்த்துப் பேசாத நான், அந்த வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிடுகிறேன், டாக்டரிடம் போகச் சொல்லுகிறேன், வெளியூரில் வேறு வேலை பார்க்கிற அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடு என்கிறேன். அப்போது நைனாவின் கனைப்புச் சத்தம் எங்கேயோ பக்கத்தில் கேட்பது போல இருக்கிறது.

2024 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை.