மோர் வளைவுத் தடம்

மில் சங்கு ஊதி ஓய்ந்த பிறகு ஒரு சத்தம் வரும். என் சின்ன வயதில் சிங்காநல்லூரில் எங்கள் வீடு ஒரு சரிவில் இருந்தது. ஷிப்டு முடிந்தவர்கள் அந்தச் சரிவில் பெடலை மிதிக்காமல் சைக்கிளை அதன் போக்கில் விட்டுவிடுவார்கள். நூறு சைக்கிள்களின் பின்சக்கரங்கள் ஒன்றாகக் கிர்ரென்று இறங்கும். தூரத்து மழை ஓடுகளின் மேல் நடந்து வருவதுபோல இருக்கும். நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, கடைசிச் சக்கரம் போய் மறையும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

அறுபது வருடம் கழித்து, அதே சத்தத்துக்குக் கேட் திறந்துவிடும் வேலை எனக்குக் கிடைத்தது. இந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம், பலம் வேண்டாம். யாருக்கு எப்போது திறக்கக் கூடாது என்று தெரிந்தால் போதும். வாசலில் வந்து நிற்பவரிடம் 'வராதீர்கள்' என்று சொல்ல நாக்கு எழாதவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நமக்கெல்லாம் ஒரே வியாதி. கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

நாலு காலும் ரெண்டு சக்கரமும்

துடியலூரைத் தாண்டி மேற்கே எங்கள் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குச் சொந்தமாக ஒரு கரடு. பாறையும் ஊஞ்ச மரமுமாக ஒரு சின்னக் குன்று, ஒன்றும் விளையாது. அதன்மேல் ஏறி வளைந்து இறங்கும் ஓர் ஆட்டுத் தடம். ஓரடி அகலம், நடுவில் புல். என் வீட்டுக்காரர் போன பிறகு ஆடுகளையும் விற்றாயிற்று. தடம் மட்டும் போக இடமில்லாமல் அங்கேயே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை விடியலில் ஆறு பேர் தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள்களோடு வந்து நின்றார்கள். அவர்களில் கார்த்தி என்பவன்தான் பேசினான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, முப்பது வயதிருக்கும். கரட்டில் ஓட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான். விழுந்து கிடந்தால் தெரிய வேண்டுமே என்று, மேலே போகிறவர் பெயரையும் இறங்கிய நேரத்தையும் குறிக்க ஒரு நோட்டும் கொடுத்தான். அந்த நோட்டும் கேட் சாவியும் என் உத்தியோகமாயின. தடத்தின் அடி நாச்சிமுத்துவின் வரப்பில் முடிகிறது. முக்கால் ஏக்கரில் மழையை நம்பிக் கடலை போடுகிறவர். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரை மாங்காய் அமுக்குவதுபோல அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆட்டுக்கு நாலு காலுங்க அம்மணி, இதுக்கு ரெண்டே சக்கரம். தேய்மானம் பாதிதானுங்க."

திட்டும் முறை

எங்கள் பக்கத்தில் வந்தவரைத் திட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். பிறகு குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். அவர் டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். அந்த ஐப்பசியில் மழை பெய்த மறுநாளே ஏழெட்டுப் பேர் கரட்டில் ஏறினார்கள். ஈர மண்ணில் டயர் போன இடமெல்லாம் நகம் பதிந்த மாதிரி கோடு விழுந்தது. இறங்கி வந்தவர்களை மரத்தடியில் உட்காரவைத்து, இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்ட மோர் கொடுத்தேன். டம்ளர்கள் கீழே வந்தன. "கண்ணுகளா, மழை பேஞ்சா மண்ணு காயற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க" என்று கண்டிப்பாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டு பேர் இன்னொரு டம்ளர் கேட்டார்கள்.

அவர்கள் போனில் ஒரு வரைபடம் இருக்கிறதாம். அதில் என் கேட்டை ஒட்டிய திருப்பத்துக்கு யாரோ 'மோர் வளைவு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அடுத்த மழைக்கு மறுநாள், முன்பின் தெரியாத நாலு பேர் கார் தலையில் சைக்கிள்களைக் கட்டிக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து வந்து இறங்கினார்கள். சட்டை நனைந்திருந்த ஒருவர் கேட்டருகே வந்து மரியாதையாகக் கேட்டார்:

"ஏனுங்க, மோர் வளைவு இதுதானுங்களா? மழை பேஞ்சாத்தான் மோருன்னாங்க, அதான் மழை பார்த்து வந்தோமுங்க."

ஓரமாகப் போனவர்கள்

ஆறு பேர் இருபதானார்கள், ஞாயிறுகளில் நாற்பதுக்கும் மேலே. நோட்டு தீர்ந்து இன்னொன்று வாங்கினேன். தடம் நடுவில் குழிந்து, குழியில் நீர் நின்றது. நீரைச் சுற்றி ஒருவர் போனார். அவர் போன இடம் சேறானதும் அடுத்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். ஓரடித் தடத்தின் குறுக்கே ஒருநாள் என் சேலைத் தலைப்பை விரித்துப் பார்த்தேன். எட்டவில்லை. புல் இருந்த இடத்தில் ஊஞ்ச மர வேர்கள், வயதானவர் புறங்கை நரம்பு மாதிரி மேலே வந்திருந்தன. நான் என் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் அதிகமில்லை.

சிங்காநல்லூரில் இருந்து வரும் பல் டாக்டர் பெண் ஒருத்தி உண்டு. நல்லவள். ஒவ்வொரு வாரமும் என் முட்டிவலியை விசாரிப்பாள். ஏன் அம்மணி இப்படிச் சுற்றிச் சுற்றிப் போகிறீர்கள் என்று அவளிடம் கேட்டேன். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

"குழியில எறங்குனா உங்க தடம் இன்னும் கெட்டுப்போயிருமேன்னுதாங்கம்மா ஓரமாவே போறேன்."

மண் வீடு மாறியது

இரண்டாம் வருடம் நாச்சிமுத்து ஆடிப் பட்டத்தில் கடலை போட்டார். நன்றாகப் படர்ந்திருந்தது. புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை. கரட்டு நீர் முன்பெல்லாம் புல்லிலும் பாறையிலும் தடுமாறித் தடுமாறி இறங்கும். இப்போது அதற்கென்று சரிவில் நேர்க்கோடாக ஒரு வாய்க்கால் இருந்தது. செங்குத்தான இடத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துச் சக்கரங்கள் உழுத வாய்க்கால். தண்ணீர் அதில் ஏறி உட்கார்ந்து, சரளைக் கல்லையும் கூட்டிக்கொண்டு, நேராக அவர் கடலைக் காட்டு மூலையில் போய் இறங்கியது.

மறுநாள் அவர் வந்தார். உட்காரச் சொன்னேன், மோர் கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைத்தார். இனி திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. ஈர மண் ஒட்டியிருந்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லையே, அப்படியானால் பெரிதாக ஒன்றுமில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் மரியாதையில் பிறந்து வளர்ந்தும், அதைப் படிக்கத் தெரியாமல் போன இடம் அதுதான். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து இவ்வளவுதான் சொன்னார்:

"ஒண்ணுமில்லீங்க அம்மணி, உங்க ஊட்டு மண்ணு கொஞ்சம் எங்க ஊட்டுக்கு வந்திருக்குதுங்க."

மண்வெட்டி ஞாயிறு

நான் கார்த்தியிடம் சொன்னேன். அவன் முகம் வாடிப்போயிற்று. அந்த ஞாயிறே இருபது பேரைக் கூட்டி வந்தான். புது மண்வெட்டிகள், கையுறைகள். மதியம்வரை வேர்வை சொட்டச் சொட்ட வாய்க்காலைப் பொலபொலவென்ற மண்ணால் நிரப்பி, காலால் தட்டி, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நீருக்குக் குறுக்கே சாய்வாகக் கல் வைத்துப் பக்கத்தில் திருப்பிவிடாமல் மண்ணை மட்டும் போட்டால் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை. கேட்காமல் சொல்வது அவருக்கு வழக்கமில்லை.

புதன்கிழமை தூறல்தான். போட்ட மண் அத்தனையும் மறுபடி அவர் காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கார்த்திக்குப் போன் செய்தேன். அவன் கொஞ்சமும் தளரவில்லை.

"கவலைப்படாதீங்கம்மா, அடுத்த வாரம் இதைவிட டபுளா மண்ணு கொட்டிரலாம்."

பதினைந்து நாள்

அதன் பிறகுதான் நாச்சிமுத்து என்னிடம் ஒன்றைக் கேட்டார். கடலை பிடுங்க இன்னும் பதினைந்து நாள். அதுவரைக்கும் கேட்டைச் சாத்தி வைத்தால், அவர் வரப்போரம் கல் கட்டி, தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கிவிடுவார். சக்கரம் ஓடினால் கட்டிய கல் நிற்காது. "புடுங்கிப்போட்டன்னா அப்புறம் அவங்க பாட்டுக்கு ஓட்டட்டுமுங்க" என்றார். சரிங்க என்றேன். சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். அவர் மூன்று நாள் குனிந்தே இருந்து கல் கட்டினார்.

சனிக்கிழமை விடிகிற நேரம். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். சைக்கிளை உருட்டி வந்தாலும் பின்சக்கரம் அந்தச் சத்தத்தைச் சின்னதாகப் போடும், தெரியுமல்லவா? டிக் டிக் டிக் என்று முதலில் ஒன்று. பிறகு பத்து. பிறகு எண்ண முடியாமல். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் வெள்ளையாக இருந்தது. அதற்குள் நான் சிங்காநல்லூர்ச் சரிவில் இருந்தேன். மடியில் புத்தகம் கவிழ்ந்திருந்தது, மில் விட்டிருந்தது, எல்லாரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய யாரும் இன்னும் செத்துப் போயிருக்கவில்லை. நான் எழுந்ததும் அரிசி டப்பாவைத் திறந்ததும் நினைவில்லை. விரல்களில் தவிட்டு வாசனையோடு கேட்டருகே நின்றிருந்தேன். முன்னால் கார்த்தி, அவனுக்குப் பின்னால் பனியில் பாதி கரைந்த முப்பது நாற்பது பேர்.

"ஒரே ஒரு ரவுண்டுதாங்கம்மா, பூ மாதிரி போயிட்டு வந்துர்றோம்."

உசுரு

திறந்தேன். அவர்கள் இறங்கி வந்தபோது அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். கல் வரிசை உருண்டு சிதறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. அன்று சாயங்காலம் வானம் உடைந்து கொட்டியது. விடிந்து பார்த்தால் அந்த முக்கால் ஏக்கரின் நடுவே ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் சரளை. கடலைச் செடிகள் வேரோடும் காயோடும் கீழ் வேலியில் ஒதுங்கியிருந்தன.

நாச்சிமுத்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் முந்தானையை ஏந்தி உடன் பொறுக்கினேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அந்தச் சத்தம் எனக்கு மழை மாதிரி கேட்கும், அதற்காகத்தான் திறந்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் ஒரு செடியை உதறி மண்ணைத் தட்டினார். குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் நான் இதை எழுதாமல் தூங்கியிருப்பேன்.

"மழைச் சத்தம்னா எனக்கும் உசுருதானுங்க அம்மணி. கடலை போடறவன் அதுக்குத்தானுங்களே காத்துக் கெடக்கறான்."

இலந்தை முள்

தை பிறந்ததும் கேட்டின் குறுக்கே இலந்தை முள்ளை வெட்டிப் போட்டேன். கைகளெல்லாம் கீறல். கார்த்தி வந்து முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்றான். அவனும் பாவம், கடைசிவரை யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. முதல்முறையாக மோர் கொடுக்காமல் ஒருவரிடம் பேசினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னான்:

"மொதல் நாளே இப்படித் திட்டியிருந்தா நாங்க கேட்டிருப்போமேங்கம்மா."

தடத்தில் இப்போது அங்கங்கே புல் வந்திருக்கிறது. நடுவில் இல்லை, ஓரங்களில் மட்டும். நோட்டில் எழுதாத பக்கங்கள் நிறைய இருக்கின்றன.

நான் ஒருவழியாகக் கேட்டைச் சாத்தக் கற்றுக்கொண்டேன். நாச்சிமுத்து காட்டை அப்படியே போட்டுவிட்டு மகனோடு திருப்பூருக்குப் போய், ஒரு பனியன் கம்பெனி வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதிக் கேட் திறந்துவிடுகிறார்.