டிராம்போன் தாளில் இரண்டு வரி

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஆனால் அங்கே அவருக்குப் பெயர் ‘ரப்பர்’. டிப்போ ஊழியர்களின் பேண்டுக்கு இசை எழுதித் தருவது அவர்தான். ஒரு வரி எழுதினால் மூன்று வரி அழிப்பார்.

அந்த வருஷம் அவர் எடுத்துக்கொண்டது, நாட்டுப்புற ஆட்ட மெட்டுகளை வைத்து யாரோ வயலின் கூட்டத்துக்கு எழுதிய நடன இசை. டிப்போவில் வயலினுக்கு எங்கே போவது? அந்த வேலையைக் கிளாரினெட்டுகளின் தலையில் கட்டினார். மெதுவான நடனத்தில் செல்லோ என்கிற பெரிய வயலின் தனியாக வாசிக்கும் இரண்டு வரியை மட்டும் யூஃபோனியத்துக்குக் கொடுத்தார். அதை ஊதுபவர் மாமா, அம்மாவின் தம்பி, டிப்போ மெக்கானிக். அந்தப் பெரிய பித்தளைக் குழலை மடியில் குழந்தைபோல் வைத்துக்கொள்வார்.

மாமா புதிதாகப் பல்செட் மாட்டியிருந்தார். முதல் ஒத்திகையில் சுரம் தடுமாறியது. “முடியுமா மாப்ளே?” என்று அப்பா நேராகக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. பக்கத்து டிராம்போன்காரரின் தாளில் அந்த இரண்டு வரியையும் பொடி எழுத்தில் எழுதிவைத்தார். ஆள் வராவிட்டால் பக்கத்தவர் வாசிப்பதற்காக எல்லாப் பேண்டிலும் செய்வதுதான்.

மூன்று வாரம் கழித்து, அடுத்த ஒத்திகையில், மாமா கண்ணில் அது பட்டுவிட்டது.

“என்ன அத்தான், எனக்கு ஸ்டெப்னியா?”

“சும்மா ஒரு பாதுகாப்புக்கு மாப்ளே.”

“பஞ்சராகறதுக்கு முன்னாடியே மாட்டிட்டீங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அன்று அவர் ஊதவில்லை, நிகழ்ச்சிக்கும் வரவில்லை. டிராம்போன்காரர் வாசித்தார். நன்றாகவே வாசித்தார், அதுதான் கொடுமை.

பிறகுதான் மாமாவின் மனைவி, அத்தை, அப்பாவிடம் சொன்னாள்: “மூணு வாரமா வேலை விட்டு வந்ததும் அந்த ரெண்டு வரிதான். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கே மனப்பாடம். சுரம் சுத்தமா வந்துடுச்சுன்னு உங்களுக்கு வாசிச்சுக் காட்டத்தான் அன்னிக்கு வந்தார்.”

அப்பா அன்றே மாமாவிடம் ஓடினார். மாமா டீ கொடுத்தார், நன்றாகத்தான் பேசினார். “குழலை டிப்போவுலயே ஒப்படைச்சுட்டேன் அத்தான். நல்ல பல்லு இருக்கறவன் ஊதட்டும்.”

அப்பா டிராம்போன் தாளை எடுத்து, காகிதம் கிழிகிற அளவுக்கு அழித்தார். அந்த இரண்டு வரியை இப்போது யாரும் வாசிப்பதில்லை. கிளாரினெட்டுகள் மட்டும் தாளத்துக்கு முனகிக்கொண்டிருக்கும். எனக்கே சில சமயம் அவர்மேல் கோபம் வரும். கேட்கத் தைரியமில்லாத மனுஷனுக்கு அழிக்க மட்டும் என்ன தைரியம்?

போன மாதம் நிகழ்ச்சி முடிந்ததும் மேனேஜர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ரப்பரே, அந்த இடத்துல சும்மா விட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் பிரமாதம்!”

அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.