மாமாவுக்குச் சாமி வந்த கதை

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் தாய்மாமாவுக்கு முதலில் வயிற்றில் கட்டி வந்தது. பிறகு சாமி வந்தது. இரண்டில் எனக்குச் சாமியைத்தான் பிடித்தது. எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். ஆயர் ஈத்தாமில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருந்தோம். மாமாவும் எங்களோடுதான்.

யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் மாமாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, திறந்தே ஆகவேண்டும் என்றாராம். ஆனால் சுருட்டையும் சம்சு சாராயத்தையும் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். புகை குடித்த நெஞ்சு பிறகு இருமும், இருமினால் தையல் பிரியும். சாராயம் பழகிய உடம்புக்கு மயக்க மருந்து கூடுதலாக வேண்டும். யுத்தத்தில் அதற்கு எங்கே போவது? சொன்னபடி கேட்காவிட்டால் உயிருக்குத் தான் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார்.

"கத்தி வைக்கப் போறது வயித்துல. வாயில சுருட்டு இருந்தா அவருக்கு என்னாக்கா?" என்று மாமா அம்மாவிடம் கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாய்க்கும் வயிற்றுக்கும் நடுவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

டாக்டர் சொல்லிக் கேட்காத தம்பியை அம்மா முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், ஒரு மாத விரதம் என்று காப்புக் கட்டிவிட்டாள். காப்புக் கட்டிய கையால் சம்சுவைத் தொட எங்கள் ஆட்களில் எவனுக்கும் துணிச்சல் வராது. மாமாவுக்கும் வரவில்லை. அவ்வளவு பெரிய ஆளை இத்தனூண்டு மஞ்சள் கயிறு எப்படிக் கட்டிப்போட்டது என்று பார்க்க அவர் பின்னாலேயே சுற்றினேன்.

சில நாள்தான். ஒரு காலையில் மாமாவின் கை கிடுகிடுவென்று ஆடியது. வேர்த்துக் கொட்டியது. சுவரில் இல்லாத எறும்பையெல்லாம் தட்டிவிட்டார். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "ஐயோ, சாமி வந்திருச்சுலா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சீனிக்கே வழியில்லாத காலத்தில் கற்பூரம் மட்டும் எங்கிருந்தோ வந்தது. வாசல் நிறைய ஜனம். ஜப்பான்காரன் எப்போது போவான் என்று ஒருவர் காதோடு காதாகக் கேட்டார். அந்த அக்கா முன்னால் வந்து விழுந்தாள். அவள் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"சாமி, என் வீட்டுக்காரு திரும்பி வருவாரா?"

மாமா அவளையே வெறித்துப் பார்த்தார். பல் தந்தியடிக்க, "வ... வருவான்" என்றார். அக்கா ஓவென்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அப்பா ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு அப்பாவிடம் மெல்லச் சொன்னார்: "குடிச்ச உடம்பு திடீரெண்டு நிப்பாட்டினா இப்படித்தான் ஆடும். சாமியெண்டே இருக்கட்டும். சாமி வந்த ஆளுக்கு ஒருத்தனும் போத்தல் நீட்டமாட்டான்." அதில் எனக்கு விளங்கியது ஒன்றுதான்: டாக்டரே சாமி என்று ஒப்புக்கொண்டுவிட்டார்!

அவர் சொன்னபடியே ஆயிற்று. கூட்டாளிகள் மாமாவைக் கண்டால் கும்பிட்டுவிட்டு ஒதுங்கினார்கள். ஆட்டம் நின்றது, எனக்குத்தான் ஏமாற்றம். ஆபரேஷன் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரியில் எவர் இருமினாலும் அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்ததாம். மாமா இருமவேயில்லை. தையல் பிரியாமல், பாதி ஆளாக வீடு வந்து சேர்ந்தார்.

உடம்பு தேறியதும் கூட்டாளிகள் போத்தலோடு வந்தார்கள். விரதமும் முடிந்திருந்தது. பக்கத்து வாசலில் அக்கா பெருக்கிக்கொண்டிருந்தாள். மாமா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேணாம்லா, எடுத்துட்டுப் போங்க" என்றார். அதன்பிறகு அவர் குடிக்கவேயில்லை.

யுத்தம் முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பத் தொடங்கியபோது, அக்காவோடு மாமாவும் படகுத் துறைக்குப் போய் நின்றார். ஒவ்வொரு முறையும் இரண்டு பேராகவே திரும்பி வந்தார்கள். வருவான் என்று சொன்னது சாமிதானே, மாமா ஏன் அக்காவின் முகத்தைப் பார்க்கமாட்டேன் என்கிறார் என்று நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.