எனக்கு உப்பு ஏத்தாதீங்க!

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலை. திருவண்ணாமலையில் எங்கள் வீட்டிலிருந்து அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். அம்மா நடந்தால் தள்ளாடினார், பேசினால் நாக்கு குழறியது. டம்ளரைக் கையில் கொடுத்தால் பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது.

நான் பத்தாவது படிக்கும்போது அம்மாவுக்கு முதன்முதலாக மனநோய் வந்தது. நாள்கணக்கில் தூங்காமல் பாட்டும் பேச்சுமாக இருப்பார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு வீட்டுப் பாத்திரங்களை எடுத்துக் கொடுப்பார். அப்புறம் ஒரேயடியாக அடங்கி, மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். லித்தியம் என்கிற மாத்திரையை ஆரம்பித்த பிறகுதான் நிதானத்துக்கு வந்தார். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலைக்கும் சேர்ந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வைத்திருக்கிறேன், அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அம்மாவின் மருந்துச் சீட்டைப் படிப்பது, ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக் கூட்டிப் போவது எல்லாம் என் பொறுப்புதான்.

முந்தின நாளே அம்மாவின் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த மாமா, அம்மாவின் தம்பி, பார்த்ததும் தீர்ப்பு சொன்னார்.

“பழைய வியாதி திரும்பிடுச்சு பாப்பா. மாத்திரையை ரெண்டா குடு.”

விடிந்ததும் அம்மா வாந்தி எடுத்தார். மாமா கட்சி மாறினார்.

“அந்த மாத்திரையே விஷம். தூக்கிக் குப்பையில போடு.”

“ராத்திரி ரெண்டு, காலையில குப்பையா? நீங்க எந்த காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சீங்க மாமா?” என்று கேட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். மாமாவும் கூடவே ஏறிக்கொண்டார். காலை மாத்திரையைக் கொடுக்கவில்லை. வாந்தி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

டாக்டர் அம்மாவைப் பார்த்த உடனேயே கட்டிலில் படுக்க வைத்தார். “நோய் திரும்பின மாதிரி தெரியல. ரத்தத்துல மருந்து ஏறிப்போன மாதிரி இருக்கு” என்றார். ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் வரிசையாகக் கேட்டார். வலி மாத்திரை ஏதாவது? இல்லை. தண்ணீர்? குடிக்கிறாங்க. சாப்பாட்டில் உப்பு குறைத்தீர்களா?

“எங்க வீட்டுல உப்பு ஜாஸ்திதான் டாக்டர்” என்றேன் தைரியமாக.

நர்ஸ் டிரிப்ஸ் போட வந்தார். அம்மா பயப்படுவாரே என்று, “வெறும் உப்புத்தண்ணிதாம்மா, ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்தார். அவ்வளவுதான். அதுவரை துவண்டு கிடந்த அம்மா கையை உதறி எழுந்து உட்கார்ந்தார்.

“எனக்கு உப்பு ஏத்தாதீங்க! பாவம்... பாவம் சேரும்!”

நர்ஸின் கையிலிருந்த டியூபைப் பிடித்து இழுத்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

“பாத்தீங்களா டாக்டரம்மா, முத்திடுச்சு. ஒரு ஊசியைப் போட்டு அடக்குங்க” என்றார் மாமா.

எனக்கு அந்த நேரத்தில் விடுதி முதலாளியம்மாவின் போன் ஞாபகம் வந்தது. “உங்கம்மாவுக்கு இன்னாச்சு? ஒரு நாள் சாம்பார்ல உப்பு கரிக்குது, ஒரு நாள் உப்பே இல்ல” என்று போன வாரம் கேட்டிருந்தார். நான் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அம்மா எதைச் சமைத்தாலும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்பார். பார்க்காமல் இறக்குகிறார் என்றால், நாக்கில் உப்பு படக்கூடாது என்று ஒரு காரணம் இருக்க வேண்டும்.

“அம்மா, உப்பில்லா விரதமா?”

உதறல் நின்றது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“டாக்டர், இவங்க புத்தி மாறிப் பேசல. விரதத்துல இருக்காங்க. ஊசி வேணாம், நான் பேசறேன்.”

“சீக்கிரம் பேசு. டிரிப்ஸ் ஏறியே ஆகணும்” என்றார் டாக்டர். பிறகு அம்மாவிடம் குனிந்து, “உப்பைக் குறைக்கக்கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?” என்று கேட்டார்.

“அது பத்தியம்... இது சாமிக்கு” என்றார் அம்மா, குழறிக்கொண்டே.

அம்மாவின் கணக்கு அவ்வளவுதான். பத்தியம் டாக்டர் போடுவது, விரதம் தான் இருப்பது. ஒன்றில் இன்னொன்று தலையிடாது. அமாவாசையில் ஆரம்பித்தவர், விடுதியிலேயே சாப்பிட்டாச்சு என்று என்னிடம் மறைத்து, பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்றி முடிப்பதாக வேண்டியிருக்கிறார்.

“எதுக்கும்மா வேண்டுதல்?”

“சொன்னா பலிக்காது.”

“வேற எதுக்கு இருக்கும், உன் குரூப் ஃபோர் ரிசல்ட்டுக்குத்தான்” என்றார் மாமா.

“வாயை மூடுடா!” நாக்கு குழறினாலும் அந்த அதட்டல் மட்டும் தெளிவாக வந்தது. மாமா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது.

அழ அது நேரமில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். “எனக்காகத்தானே வேண்டின? மிச்ச விரதத்தை நான் எடுத்துக்கறேன். மலையும் நானே சுத்தறேன். நீ கையைக் குடு.”

அம்மா யோசித்தார். “ஊறுகாய் தொடக்கூடாது.”

“தொடமாட்டேன்.”

“கடை பஜ்ஜி?”

“அதையும்தான்.”

“செருப்பு?”

“போடமாட்டேம்மா.”

கை தானாக நீண்டது. நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசியைக் குத்தினார்.

ரத்தத்தில் மருந்து ஏறித்தான் இருந்தது. உடம்பில் உப்பு குறைந்தால், சிறுநீரகம் உப்போடு சேர்த்து இந்த மருந்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அம்மா தினமும் அதே அளவு மாத்திரைதான் போட்டார், ஆனால் அது உள்ளேயே சேர்ந்துவிட்டது. இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். மாமா சொன்னபடி இரண்டாகக் கொடுத்திருந்தால் என்று நினைக்கவே இன்றும் பயம்.

பௌர்ணமி வரை உப்பில்லாத சோறும் தயிரும் தின்று, அன்று வெறுங்காலோடு மலை சுற்றினேன். அம்மா வார்டிலிருந்து மூன்று முறை போன் செய்து, பஜ்ஜி தின்றேனா என்று விசாரித்தார்.

நடுக்கம் நின்று, ரத்தத்தில் மருந்து அளவு இறங்கிய பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்தார். இதே மாத்திரையை அளவு குறைத்துத் திரும்ப ஆரம்பிக்கலாம், இல்லையென்றால் வேறு மருந்துக்கு மாறலாம், அது எப்படி ஒத்துக்கொள்ளும் என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டர் என்னைக் கையமர்த்திவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

“மறுபடியும் அதேவா அக்கா?” என்றார் மாமா.

“நீ சும்மா இருடா. இந்த மாத்திரைதான் என்னை எழுப்பி வேலைக்கு அனுப்புச்சு. அது தப்பு பண்ணல, நான்தான் சொல்லாம விட்டேன்” என்ற அம்மா, டாக்டர் பக்கம் திரும்பினார். “கம்மியா குடுங்க டாக்டரம்மா. உப்பு போட்டே திங்கறேன்.”

நோயாளி தன் வைத்தியத்தைத் தானே முடிவு செய்ததை அன்றுதான் பார்த்தேன். இத்தனை நாள் அம்மாவுக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன் என்பதும் அன்றுதான் உறைத்தது.

ரிசல்ட் வந்தது, பாஸ். இப்போது அரசு வேலையில் இருக்கிறேன். நான் படித்த படிப்பு என்று நானும், தன் விரதம் என்று அம்மாவும் சொல்லிக்கொள்கிறோம். அதில் சண்டை இல்லை. அம்மா நன்றாக இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்துவிடுவார். “கார்த்திகைக்கு ஒரு வேளை விரதம் இருக்கலாமா டாக்டரம்மா? உப்பு போட்டுத்தான்.”

மருந்துச் சீட்டை நான் இன்றும் வரி விடாமல் படிக்கிறேன், ஆனால், “சாமிகிட்ட ஏதாவது சொல்லி வெச்சிருக்கியாம்மா?” என்று அம்மாவிடம் கேட்டுப் பதில் வாங்காமல் அந்தச் சீட்டை மடித்து வைப்பதில்லை.